வேனில் ஏறாத நாவல்கள்

நூலகப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். புத்தகத்தை எப்படி வகைப்படுத்துவது, எப்படி அடுக்குவது, கரையானிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்றெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கே பாதி மறந்துவிட்டது. ஒருவர் உங்கள் மேசைக்கு எதிரே வந்து நின்று, "மேடம், நல்ல நாவலா ஒண்ணு குடுங்க" என்று கேட்பார் பாருங்கள், அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கேட்ட உடனே உங்கள் கை உங்களுக்குப் பிடித்த நாவலின் பக்கம் போகும். அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்.

எண்பத்தொன்பதில் நான் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தேன். ஊர் அப்போதுதான் மாவட்டத் தலைநகரம் ஆகியிருந்தது. வேங்கிக்கால் பக்கம் அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கூடவே வேறு ஊர்களிலிருந்து ஊழியர்களும் வந்தார்கள். பலர் குடும்பத்தைப் பழைய ஊரிலேயே விட்டுவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. கடைத்தெருவில் இருந்த என் கிளை நூலகத்துக்கு வந்தார்கள். முன்கூடத்தில் செய்தித்தாள், உள்ளறையில் மூன்று சுவர் நிறைய நாவல்கள். அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் கோமதி, கலெக்டர் அலுவலகத்தில் தட்டச்சர். வாரத்துக்கு இரண்டு நாவல் போதாது என்று என்னோடு சண்டை போடுவார். இன்னொருவர் உள்ளூர்க்காரர், ஜமால் பாய். மூன்று தலைமுறையாகக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஆணி வாங்க வந்தவரை நிறுத்திவைத்துவிட்டு அத்தியாயத்தை முடிக்கிற மனிதர். இவர்கள் இரண்டு பேரோடும் விடுமுறை நாள்களில் விடியற்காலையில் கிரிவலம் போக ஆரம்பித்தேன். "உங்களுக்கு சாமி, எனக்கு சக்கரை" என்பார் பாய். டாக்டர் அவரை நடக்கச் சொல்லியிருந்தார்.

நாவல் வாசிக்கிறவர்கள் மூன்று பேர் சேர்ந்து நடந்தால் வேறென்ன பேசுவார்கள்? ஒரு நடைக்கு ஒருவர், தான் படித்த நாவலைச் சொல்ல வேண்டும் என்று ஆனது. ஒருமுறை பாய் ஒரு கொலைக்கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே போனவர் உற்சாகத்தில் கொலைகாரன் யாரென்றும் சொல்லிவிட்டார். கோமதி அதே நாவலைப் பாதி படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். கிரிவலம் போகிறவர்கள் யாரும் எதிர்த்திசையில் திரும்பி நடக்க மாட்டார்கள். கோமதி நடந்தார். எதிரே வந்த சாமியார்கள் எல்லாரும் அவரை முறைக்க, வந்த வழியே ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். ஒரு மாதம் பாயோடு பேசவில்லை.

"தப்பு என் பேர்லதான் மேடம்" என்று பாயே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கதையை அடி அண்ணாமலை வரைக்கும்தான் சொல்ல வேண்டும். மலையைச் சுற்றுகிற பாதையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற கிராமம் அது. அங்கே ஒரு சோடாக் கடை. கடையை எட்டினதும் வாயை மூடிவிட வேண்டும். மீதி வேண்டுமென்றால் புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொள்ள வேண்டியது.

சோடாக் கடைக்காரி சாந்திக்கு இது பெரிய தலைவலி ஆகிவிட்டது. நாங்கள் சோடா குடித்துக்கொண்டே கதையின் உச்சத்துக்கு வந்து நிறுத்துவோம். "இன்னா மேடம், எப்பப் பாத்தாலும் என் கடையாண்ட வந்து நிறுத்திப்புடறீங்க? மீதிய எவன் சொல்லுவான்?" என்று காசு வாங்கும்போதெல்லாம் திட்டுவாள். எட்டாவது வரை படித்தவள். நூலகத்துக்கு வந்து எடுத்துப் படி என்பேன். "கடைய உட்டுட்டு அவ்ளோ தூரம் எவ வருவா?" என்று சோடா பாட்டிலைக் கழுவப் போய்விடுவாள்.

இந்தப் பாதிக் கதை வழக்கம் எனக்கு ஒன்றைக் காட்டியது. 'அருமையான நாவல், கட்டாயம் படிங்க' என்று நான் யாருக்குச் சொன்னாலும் அந்த நாவல் தொடப்படாமலே திரும்பி வரும். ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் ரயிலடியில் நிற்கிறாள், கையில் டிக்கெட் இருக்கிறது, ரயிலும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் அந்த நாவல் கிழியக் கிழியத் திரும்பி வரும். பாராட்டினால் தலையாட்டுவார்கள். பாதியில் நிறுத்தினால்தான் கை நீட்டுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் காற்று மாறியது. வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. சாயங்காலம் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர்கள் தொடர் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளறை நாவல்கள் மேல் தூசி படிந்தது. அதே சமயம் முன்கூடத்தில் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பெருகினார்கள். பெஞ்சு போதாமல் வாசல் படியில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்களில் முன்நின்றவன் சேகர். அவன்தான் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, யாரும் தொடாத நாவல்களை எடுத்துவிட்டு உள்ளறையைப் படிக்கிற இடமாக்க வேண்டும் என்று மேலே மனுக் கொடுத்தான்.

ஒரு சனிக்கிழமை மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளறைக்குள் போய் ஒரு நாவலை உருவினார். விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தார். "இந்த வருஷம் இதை எத்தனை பேர் எடுத்திருக்காங்க?" என்றார். இன்னொன்றை உருவினார். "இதை?" இரண்டையும் யாரும் எடுத்திருக்கவில்லை. "திங்கட்கிழமை காலைல வேன் வரும். அலமாரியில இருக்கிற நாவல் அத்தனையும் கட்டி ஏத்தி அனுப்பிடுங்க. குடோன்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த குடோனை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போன புத்தகம் வெளியே வந்து நான் கண்டதில்லை. பத்து வருஷம் நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த நாவல்கள் மூட்டையில் மக்கப் போகின்றன. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேரே படியில் உட்கார்ந்திருந்த சேகரிடம் போனேன்.

"ஏம்பா, நாவல் உனக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு?"

அவன் எழுந்து நின்றான். "ஒண்ணும் பண்ணல மேடம். எங்க வூட்ல ஒரே ரூம். அதுல ஆறு பேரு. டிவி ஓடிக்கினே இருக்கும். நான் எங்க குந்திப் படிக்கிறது, நீங்களே சொல்லுங்க."

அவன் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. எதிராளியின் பக்கம் நியாயம் இருக்கும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது தனி ரகம். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்தேன்.

அதற்குள் செய்தி தெரிந்து பாயும் கோமதியும் வந்துவிட்டார்கள். பாய் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கவலப்படாதீங்க மேடம். நம்ம ஆளுங்க நாலு பேர் பேர்ல இரவல் போனதா எழுதிடுங்க. எல்லாத்தையும் மூட்ட கட்டி என் கடை குடோன்ல போட்டுடலாம். வேன் போனப்புறம் கொண்டாந்துடறேன்."

இங்கேதான், தம்பி தங்கைகளே, கொஞ்சம் நின்று கேளுங்கள். பாய் சொன்னதில் ஒரு சாவி இருந்தது. வாசகர் கையில் இரவலாகப் போய்விட்ட புத்தகத்தை எந்த அதிகாரியும் வேனில் ஏற்ற முடியாது. ஆனால் அந்தச் சாவியைப் பாய் தப்பான பூட்டில் போட்டார். "ஒரு குடோன்ல இருந்து தப்பிச்சு இன்னொரு குடோனா பாய்? அந்த அதிகாரி நாளைக்கே கேள்வி கேட்டா இன்னா சொல்வீங்க? புக்கு எல்லாம் வெளிய போவட்டும். ஆனா படிக்கிறவங்க கைக்குப் போவணும்" என்றேன்.

"ஒரே நாள்லயா?" என்றார் கோமதி.

"ஞாயித்துக்கிழம முழுசா இருக்கே."

"ஊர்ல எத்தினி பேருக்கு ஒரே நாள்ல நாவல் புடிக்க வைக்க முடியும் மேடம்?"

"தெரியல. ஆரம்பிச்சாதான் தெரியும்."

கோமதி வேங்கிக்கால் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பாய் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். குழாய் வாங்க வந்தவர்களைக்கூட விடவில்லை. ஞாயிறு காலை மொபெட்டை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போய், "சாந்தி, மீதிக் கதை இன்னிக்குக் கெடைக்கும், வா" என்றாராம். அவள் கடையைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஆசிரமத்துப் பக்கம் விடுதிகளில் வேலை செய்கிறவர்கள், கலெக்டர் ஆபீஸ்காரர்களின் வீட்டுப் பெண்கள், கடைத்தெரு ஆட்கள் என்று முன்கூடம் நிறைந்துவிட்டது.

முதல் ஒரு மணி நேரம் படுதோல்வி. பாய் எழுந்து தன் உயிருக்குயிரான நாவலைப் பாதி வரை சொன்னார். பாய்மரக் கப்பல், மிளகு வியாபாரம், புயல். எப்பேர்ப்பட்ட கதை! கேட்டுக்கொண்டிருந்த அம்மாக்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் எழுந்து, குழந்தைக்குப் பசிக்கும் என்று கிளம்பினார். பாய் முகம் தொங்கிப் போனது. பாதியில் நிறுத்துவது மட்டும் போதாது என்று எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்க்காமல் எந்தக் கதையை எங்கே நிறுத்தி என்ன பயன்?

பாயை உட்காரச் சொன்னேன். கிளம்பிக்கொண்டிருந்த அம்மாவிடம் வாய்க்கு வந்த ஒரு கேள்வியைக் கேட்டேன்: "கடைசியா எதுக்காகம்மா உங்களுக்குத் தூக்கம் கெட்டுச்சு?"

அந்த அம்மா நின்றார். "பக்கத்து வூட்டுக்காரன் எங்க செவுத்த ஒட்டி செவுரு வைக்கிறான். அத நெனச்சா எப்பிடித் தூக்கம் வரும்?"

அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு கிணற்றுக்காகக் கோர்ட்டுக்கு அலைகிற நாவல் உள்ளறையில் வடக்குச் சுவரில் இருந்தது. எடுத்து வந்தேன். தீர்ப்பு வருகிற நாள் காலையில் தம்பி பெண்டாட்டி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள், கையில் ஒரு குடம் இருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தினேன். "எதுக்கு வந்தா?" என்றார் அந்த அம்மா. நான் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். குழந்தைக்குப் பசிக்கும் என்றவர் அங்கேயே உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

பிறகு வெள்ளம்தான். வாங்கிப் போனவர்கள் தங்கள் தெருவில் இருந்தவர்களையும் அனுப்பிவைத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டோம். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்றார் ஒருவர். கூடப் பிறந்தவன் பேசி நாளாச்சு என்றார் இன்னொருவர். கொசு என்றும் ஒருவர் சொன்னார். அவருக்கும் ஒரு நகைச்சுவை நாவல் கிடைத்தது. பாயின் கப்பல் நாவலுக்குக்கூட ஆள் அகப்பட்டார். மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டுக் கடிதம் வராமல் தவிக்கிற ஒரு தையல்காரர். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு புயல் வரைக்கும் சொன்னார். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. புதிதாக உறுப்பினர் ஆகிறவர்களுக்கு அரசு ஊழியர் என்ற முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டே கோமதியின் கை ஓய்ந்தது. எனக்கு முத்திரை குத்தியே தோள் வலித்தது. அப்படி ஒரு வலிக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்!

சேகர் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கோமதி அவனை விடவில்லை.

"இங்க வா தம்பி. உன்ன எது தூங்க உடல?"

"வயசு மேடம். இந்த வருஷம் தேறலன்னா வயசு தாண்டிடும். அப்புறம் எழுத முடியாது."

கோமதி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு நாவலோடு வந்தார். வேலைக்கு வயது தாண்டிப்போன ஒருவன். அவன் தம்பி இறந்துபோகிறான். தம்பியின் சர்டிபிகேட்டை வைத்து, தம்பியின் பெயரிலேயே வேலையில் சேர்கிறான். எல்லாம் நன்றாகப் போகிறது. ஒருநாள் தம்பியோடு பள்ளியில் படித்தவன் அதே ஆபீசுக்கு மேனேஜராக வருகிறான். கோமதி நிறுத்தினார்.

"மாட்டிக்கினானா?" என்றான் சேகர்.

கோமதி புத்தகத்தை நீட்டினார். வாங்கியவன் பரீட்சை கைடை மூடிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தான் இன்னும் படித்து முடிக்காத அந்தக் கதையைக் கூட்டாளிகளுக்குப் பாதி வரை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவன் புத்தகத்துக்குக் கை நீட்டினான். "டேய், இது என்னுது. உள்ள போய் வேற எடு" என்றான். அந்தக் கூட்டம் மொத்தமாக எழுந்து உள்ளறைக்கு வந்தது. நான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மூடுகிற நேரத்தில் மூன்று சுவரும் காலி. பைண்டிங் போன நாலைந்தைக்கூட யாரும் விட்டுவைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வேனும் வந்தது, பின்னாலேயே ஜீப்பும் வந்தது. மேலதிகாரி உள்ளறையைப் பார்த்தார். முகம் சிவந்தது. "இது ஏமாத்து வேலை மேடம். நேத்து வரைக்கும் யாரும் தொடாத புத்தகத்தை ஒரே நாள்ல ஊரே எடுத்துட்டுப் போச்சா? பேருக்கு எழுதிட்டு எங்கயோ அடுக்கி வச்சிருக்கீங்க. நிரூபிச்சா உங்க வேலையே போகும், தெரியும்ல?"

"தெரியும் சார். எந்த வீட்டுக்கு வேணும்னாலும் வாங்க, போலாம்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். அட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் இரவல் அட்டைகளைப் புரட்டி, இருப்பதிலேயே தொலைவான முகவரியில் விரலை வைத்தார். அடி அண்ணாமலை. சோடாக் கடை.

அட்டையில் பாய் பெயரும் இருந்ததால், என்னையும் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் பாய் கடையில் அதிகாரி ஜீப்பை நிறுத்தினார். அது அவர் செய்த தப்பு. பாய் அவரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, அவருக்கு எதனால் தூக்கம் கெடுகிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் தப்பித்து வருவதற்குள் டீ ஆறிவிட்டது.

மலையைச் சுற்றிப் போகிற வழி நெடுக எனக்கு ஒரே ஒரு பயம்தான். சாந்தி வாசித்துப் பழகியவள் இல்லை. நேற்றைய உற்சாகத்தில் வாங்கிக்கொண்டு போய் சோடாப் பெட்டிக்கு அடியில் போட்டிருந்தால்? அந்த அதிகாரி அதைக் கண்ணால் பார்த்துவிட்டால், ஊரில் மற்ற எல்லாரும் படித்தாலும் பிரயோஜனம் இல்லை. என் வேலை போவது இருக்கட்டும். அத்தனை நாவலையும் திரும்ப வாங்கி அந்த வேனில் ஏற்ற வேண்டியதுதான்.

ஜீப் நின்றது. கடையில் இரண்டு பேர் கலர் சோடா வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். சாந்தி அவர்களைக் கவனிக்கவே இல்லை. முழங்காலில் புத்தகத்தை வைத்து, விரலை வரி வரியாக ஓட்டி, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் குடுங்க. ஆபீஸ்ல திருப்பிக் கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

சாந்தி நிமிர்ந்தாள். புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "குடுக்க முடியாதுங்க."

"அரசாங்கப் புத்தகம்மா."

"யாருதா இருந்தா எனக்கு இன்னா? இவங்க எத்தினி வருசமா என் கடையாண்ட வந்து கதய நிறுத்திட்டு நிறுத்திட்டுப் போறாங்க, தெரியுமா உங்களுக்கு? அந்தப் பொண்ணு டிக்கெட்டக் கைல வச்சிக்கினு நிக்குது. ரயிலு வந்துடுச்சு. ஏறுனாளா, வூட்டுக்குத் திரும்புனாளான்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரியப் போவுது. சோடா வேணும்னா குடிங்க. புக்கு கெடையாது."

அதிகாரி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு சோடா குடுங்க" என்றார். சாந்தி ஒரு கையால் புத்தகத்தைப் பின்னால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் சோடாவை உடைத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்து முடித்தார்.

திரும்பி வரும் வழியில் ஜீப்பில் அவர் கேட்டார்: "அத்தனையும் ஒருநாள் திரும்பி வருமே மேடம். அப்ப இந்தப் பசங்க எங்க உக்காருவாங்க?"

பயம் போன பிறகு மூளை என்னமாய் வேலை செய்கிறது! "அது எதுக்கு சார் அலமாரிக்குத் திரும்பணும்? ஞாயித்துக்கிழமை கொண்டாந்து பாதிக் கதை சொல்லி அடுத்தவங்க கைல குடுத்துட்டுப் போவட்டும். நான் முத்திரை குத்திடறேன். நாவல் ஊருக்குள்ளயே இருக்கட்டும். உள்ளறையில பசங்களுக்கு மேசை போடுங்க."

அவர் சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாக.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கைமாற்று நான் ஓய்வு பெறுகிறவரை நடந்தது. சேகர் அந்த வருஷமே தேறினான். நாவலால் தேறினான் என்று கதை விட மாட்டேன். மேசை கிடைத்ததால் தேறினான்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்றைய மத்தியானம். நாங்கள் திரும்பியபோது வேன் டிரைவர் வண்டி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாரி அவரை எழுப்பி, தலைமை அலுவலகத்துக்குப் போய் இரண்டு நீள மேசையும் பெஞ்சும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார். டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. கயிற்றையும் காலிச் சாக்குகளையும் கையில் வைத்துக்கொண்டு உள்ளறையை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இங்கேருந்து ஏத்துறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா மேடம்?"

"ஒண்ணுமே இல்லீங்க" என்றேன். என் பணிக்காலம் முழுவதிலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதையும் சொன்னதில்லை.